மழை நாளில் ஜப்பானியக் கோயில்: கியோட்டோவா, ஒசாகாவா?

ஜூன் மாதத்து ஒசாகா. காலை ஏழு மணி. விடுதி ஜன்னலுக்கு வெளியே ஈயச்சட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல வானம். தூறல்தானே என்று கிளம்பவும் முடியாது, அடைமழை என்று போர்த்திக்கொண்டு படுக்கவும் முடியாது. கையில் மிச்சமிருப்பது ஒரே நாள். அதற்குள் ஜப்பானின் பூர்வீகச் சமயமான ஷின்டோவின் கோயில் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும், ஊரில் காத்திருப்பவர்களுக்கு நாலு பொருள் வாங்க வேண்டும், வாய்க்கு ருசியாக ஏதாவது சாப்பிடவும் வேண்டும். எங்கே போவது?

இரண்டு வெவ்வேறு ஜூன் மாதங்களில் இந்தக் கேள்வியோடு நான் அப்படி நின்றிருக்கிறேன். முதல் முறை தனியாக. இரண்டாம் முறை அறுபத்தெட்டு வயது அம்மாவோடு. முதல் முறை வழிகாட்டிப் புத்தகத்தில் எந்தக் கோயிலுக்குப் பெரிய படம் போட்டிருந்தார்களோ அங்கே போனேன். சாயங்காலம் காலணியைக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டியது. இரண்டாம் முறை அளவுகோலை மாற்றினேன். கோயில் வாசலிலிருந்து கூரை போட்ட கடைத்தெரு எத்தனை அடி தூரம் என்பதை மட்டும் பார்த்தேன். அந்த ஒரு கணக்கை வைத்தே கீழே உள்ள இடங்களை ஒப்பிடுகிறேன். விதிவிலக்காக ஒரு கோயில் உண்டு; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த ஊர் மழையைப் பற்றி. நம் ஊர் மழை ஆத்திரத்தோடு வரும், கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். டீக்கடை ஓரத்தில் அரை மணி ஒதுங்கினால் போதும். ஜப்பானின் ‘ட்சுயு’ அப்படிப்பட்டதல்ல. பிளம் மழை என்ற பொருள்படும் எழுத்துகளில் அதை எழுதுகிறார்கள். உமே என்கிற பிளம் காய் பழுக்கும் பருவம் அது. கியோட்டோ, ஒசாகா அடங்கிய கிங்கி வட்டாரத்தில் சராசரியாக ஜூன் 6 வாக்கில் தொடங்கி ஜூலை 19 வாக்கில் முடிகிறது. குரலை உயர்த்தாமல் நாள் முழுவதும் நச்சரிக்கிற மழை. ஒதுங்கி நின்று காத்திருந்தால் நாள்தான் போகும், மழை நிற்காது. ஆகவே கூரைக்கணக்கு வீண்கணக்கு அல்ல.

எல்லாரும் போகச் சொல்லும் ஃபுஷிமி இனாரியிலிருந்து தொடங்குகிறேன். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நாரா பாதையில் இரண்டாவது நிறுத்தம், ஐந்தே நிமிடம். இனாரி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் தெருவுக்கு எதிர்ப்புறமே கோயிலின் முதல் தோரி வாயில். நுழைவுக் கட்டணம் இல்லை, நடை சாத்துவதும் இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்கும் மலை ஏறலாம். விரைவு ரயில்கள் அங்கே நிற்பதில்லை, சாதாரண வண்டியில்தான் ஏற வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கி.பி. 711இல் தோன்றியதாகச் சொல்லப்படும் கோயில். 233 மீட்டர் உயர மலை முழுவதும் வரிசையாகச் செந்நிற வாயில்கள், பத்தாயிரம் இருக்கும் என்கிறார்கள். வணிகர்களும் நிறுவனங்களும் நேர்த்திக்கடனாக நிறுத்தியவை. சிறிய வாயிலுக்கே சில லட்சம் யென் ஆகும். ஏறும்போது வெறும் செந்நிறத் தூண்களாகத் தெரிவதில், இறங்கும்போது திரும்பிப் பார்த்தால் கறுப்பு எழுத்தில் கொடுத்தவர் பெயரும் தேதியும் இருக்கும். நம் ஊர் ட்யூப்லைட் உபயதாரர்களை நினைத்துக்கொண்டேன்; இவர்கள் பெயரைப் பின்பக்கம் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

படங்களில் அந்த வாயில் வரிசை ஒரு மூடிய குகைபோலத் தெரிகிறது. மழைக்கு நல்ல தங்குமிடம் என்று நம்பித்தான் நானும் போனேன். அது கூரை அல்ல. ஒவ்வொரு வாயிலுக்கும் நடுவே ஒரு சாண், இரண்டு சாண் இடைவெளி இருக்கிறது. மேல் விட்டத்தில் சேரும் தண்ணீர் பொட்டுப்பொட்டாக விழாமல் ஒரு கோடாக வழிந்து, சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் குறி தப்பாமல் இறங்குகிறது. குடையை விரித்தால் தூண்களில் இடிக்கிறது, மடக்கினால் நனைகிறோம். முன்னால் போகிறவரின் குடைக்கம்பி வேறு கண்ணுக்கு நேரே ஆடுகிறது. புதிதாகப் பூசிய வாயில்கள் மழையில் மினுமினுப்பதும், பழைய மரங்களின் கால்மாட்டில் கறுப்புப் பூச்சு உரிந்து ஈரம் ஏறியிருப்பதும் பார்க்க அழகு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் உச்சி வரை போய்த் திரும்ப நாலு கிலோமீட்டர், ஏறத்தாழ இரண்டு மணி நேரம், பெரும்பாலும் கற்படிகள். அம்மாவோடு அந்த ஈரப் படிகளில் ஏற எனக்குத் துணிச்சல் இல்லை.

மழையில் இனாரிக்குப் போவதென்றால் அடிவாரத்து வாயில் வரிசை வரை போய், அதற்கப்பால் இருக்கும் ‘ஒமோகாரு’ கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். மனத்தில் ஒன்றை வேண்டிக்கொண்டு அந்தக் கல்லைத் தூக்க வேண்டும். நினைத்ததைவிட இலேசாக இருந்தால் வேண்டுதல் பலிக்கும், கனத்தால் காத்திருக்க வேண்டும். ஈரக்கை வழுக்கியதில் எனக்கு எது என்று தெரியாமலே போய்விட்டது. அந்தப் பாதிப் பயணத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். அதிகாலையில் போனால் கூட்டமும் குறைவு. இறங்கியதும் வாசல் தெருவில் இனாரி சுஷி கிடைக்கும். நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் அதிபதியான இனாரி தெய்வத்தின் தூதுவன் நரி. நரிக்குப் பொரித்த டோஃபு பிடிக்கும் என்பது நம்பிக்கை. அதனால்தான் பொரித்த டோஃபுப் பைக்குள் சோறு அடைத்த சுஷிக்கு அந்தப் பெயர்.

நரி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெயிலும் மழையும் ஒன்றாக அடித்தால் நரிக்கும் காக்காய்க்கும் கல்யாணம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஜப்பானியர்கள் அதே வானத்தைப் பார்த்து ‘கிட்சுனே நோ யோமேஇரி’ என்கிறார்கள். நரிப்பெண் கல்யாணமாகிப் புகுந்த வீடு போகிறாள் என்று பொருள். காக்காய் மட்டும் அங்கே வரவில்லை. இனாரி வாசலில் சாவியைக் கவ்வி உட்கார்ந்திருக்கும் கல்நரியைக் காட்டி அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். வெயில் வரவே இல்லை.

இனாரியோடு, கூரை போட்ட நிஷிக்கிச் சந்தையைச் சேர்ப்பதுதான் பெரும்பாலோர் போடும் திட்டம். கெய்ஹான் ரயிலில் கியோன்-ஷிஜோ வரை வந்து ஆற்றைத் தாண்டினால் சந்தை பக்கம்தான். நல்ல திட்டமே, ஆனால் நனைந்த பாதி முன்னால் வருகிறது. சொட்டச் சொட்டச் சந்தைக்குள் நுழைந்து, ஈரக்காலோடு மூன்று மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்குவதில் பாதி ருசி போய்விடும். அதனால்தான் இதைவிட நல்லது என்று இன்னொரு கியோட்டோ வழியைச் சொல்கிறேன்.

ஷிஜோ என்பது கியோட்டோவின் பெரிய கடைவீதி. அதன் கிழக்கு முனையில், வீதியைப் பார்த்தபடி படிக்கட்டின் மேல் செந்நிற வாசலோடு நிற்பது யசாகா கோயில். ஜூலை மாதம் முழுக்க நடக்கும் கியோன் திருவிழா இந்தக் கோயிலுக்கு உரியது. 869இல் ஊரில் கொள்ளைநோய் பரவியபோது அதை விரட்ட நடந்த வழிபாட்டில் தொடங்கியது என்பது வரலாறு. பெரிய தேர்கள் ஜூலை 17, 24 தேதிகளில் வீதிக்கு வரும். மழை பெய்தால் தேரின் திரைச்சீலைகளுக்குமேல் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு இழுத்துப் போவார்களே தவிர, ஊர்வலத்தை அவ்வளவு எளிதில் நிறுத்த மாட்டார்கள். யசாகாவில் படிகள் குறைவு, கட்டணம் இல்லை, சுற்றிவர அரை மணி போதும். முக்கியமான விஷயம் இனிமேல்தான். கோயில் படியிறங்கிச் சாலையைக் கடந்தால், ஷிஜோ வீதியின் இரண்டு பக்க நடைபாதைக்கும் கூரை இருக்கிறது. கியோன் கடைகள் வழியாகக் காமோ ஆறு வரைக்கும் நனையாமல் நடக்கலாம். பாலத்தில் மட்டும் குடை தேவை. பாலம் தாண்டினால் மறுபடியும் கூரை. அங்கிருந்து ஷின்க்யோகோகு, தெராமாச்சி என்ற இரண்டு கூரை போட்ட கடைத்தெருக்கள் பக்கவாட்டில் பிரிகின்றன. அவற்றின் வழியே போனால் நிஷிக்கி. மொத்த நடையில் வானத்துக்குக் கீழே இருப்பது பாலமும் சில சாலைக் கடவைகளும்தான்.

நிஷிக்கி ஏறத்தாழ 390 மீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய சந்து. சிவப்பு, மஞ்சள், பச்சைக் கண்ணாடிக் கூரை. வெளியே வானம் எவ்வளவு இருண்டிருந்தாலும் உள்ளே ஒரு விழா வெளிச்சம். நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள். நிலத்தடியில் ஓடும் குளிர்ந்த தண்ணீரை நம்பி மீன் வியாபாரிகள் கூடிய இடம். உப்பிலும் தவிட்டிலும் ஊறிய கியோட்டோ ஊறுகாய், காய்ந்த கடற்பாசி, தேயிலை, முட்டையைச் சுருட்டிச் சுருட்டிச் செய்யும் தாஷிமாகி, குச்சியில் குத்திய குட்டி ஆக்டோபஸ். அதன் தலைக்குள் ஒரு காடை முட்டை. நடந்துகொண்டே தின்பதை அங்கே விரும்புவதில்லை. வாங்கிய கடை ஓரத்திலேயே நின்று தின்று, குச்சியை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். 1560இல் தொடங்கிய அரிட்சுகு கத்திக் கடை இந்தச் சந்தில்தான் இருக்கிறது. வாங்கும் கத்தியில் பெயர் பொறித்துத் தருவார்கள். ஊருக்குக் கொண்டுவர இதைவிடப் பயனுள்ள பொருளை நான் பார்க்கவில்லை. விமானத்தில் கைப்பையில் வைத்துவிடாதீர்கள்.

சந்தின் கிழக்கு முனையில் நிஷிக்கி தென்மாங்கு என்ற சிறு கோயில் இருக்கிறது. இதன் கல் தோரியைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும். வாயிலின் மேல் விட்டம் தெருவைவிட நீளம். இரண்டு பக்கமும் கட்டடம் கட்டியவர்கள் விட்டத்தை வெட்டவில்லை; சுவரைத்தான் வெட்டியிருக்கிறார்கள். ஆகவே விட்டத்தின் இரண்டு நுனிகளும் மாடி அறைகளின் சுவருக்குள் நுழைந்து மறைகின்றன. கோயிலுக்குள் தடவித் தடவிப் பளபளத்துப்போன வெண்கலக் காளையும், குடிக்கத் தகுந்த கிணற்று நீரும் உண்டு. கூரை போட்ட தெருவிலிருந்து கோயிலுக்கு உண்மையிலேயே பத்தடிதான். என் அளவுகோலில் இதற்குத்தான் முதல் மதிப்பெண்.

அப்படியானால் இதையே தேர்ந்தெடுக்க வேண்டியதுதானே? தடை ஒன்று இருக்கிறது: கூட்டம். மழை பெய்தால் கியோட்டோவில் இருக்கும் சுற்றுலாப் பயணிகள் அத்தனை பேருக்கும் இதே யோசனைதான் வருகிறது. நாலைந்து மீட்டர்கூட இல்லாத அகலத்தில் ஈரக்குடைகளோடு ஊர்ந்து போக வேண்டும். விலையும் பயணிகளைப் பார்த்தே வைத்தது. மாலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் பல கடைகள் மூடிவிடும். மூடிய பிறகு ஒரு ஆறுதல் உண்டு. இந்தச் சந்தையில் காய்கறி மண்டிக்காரர் மகனாகப் பிறந்த ஓவியர் இட்டோ ஜாக்குச்சூவின் (1716–1800) சேவல்களும் காய்களும் கடைகளின் இரும்புக் கதவுகளில் வரையப்பட்டிருக்கின்றன. ஆளில்லாத சந்தில் அவற்றைப் பார்த்தபடி நடப்பது பகல் கூட்டத்தைவிட எனக்குப் பிடித்திருந்தது.

இனி ஒசாகா. அம்மாவோடு நான் போனது இங்கேதான், மறுபடியும் ஒரு மழை நாள் வாய்த்தால் போகப்போவதும் இங்கேதான்.

ஒசாகா தென்மாங்கு 949இல் தோன்றிய கோயில். மினாமி-மோரிமாச்சி சுரங்க ரயில் நிலையத்திலிருந்தோ, ஜேஆரின் ஒசாகா-தென்மாங்கு நிலையத்திலிருந்தோ சில நிமிட நடை. நிஷிக்கியில் பார்த்த அதே தெய்வம்தான் இங்கும்: சுகவாரா நோ மிச்சிசானே, 845 முதல் 903 வரை வாழ்ந்த மனிதர். பெரிய அறிஞர், கவிஞர், அமைச்சர். பொய்ப் பழி சுமத்தி அவரை மேற்கே தசாய்ஃபுவுக்கு நாடு கடத்தினார்கள், அங்கேயே இறந்தார். அதன் பிறகு தலைநகரில் நோயும் புயலுமாக வந்தன. 930இல் அரண்மனையிலேயே இடி விழுந்து ஆட்கள் செத்தார்கள். மிச்சிசானேயின் கோபம்தான் இடியாக இறங்குகிறது என்று நடுங்கியவர்கள் அவருக்குக் கோயில் கட்டி, தென்ஜின் என்ற பெயரில் தெய்வமாக்கினார்கள். இன்று பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மரப்பலகையில் கல்லூரிப் பெயர் எழுதிக் கட்டுகிற படிப்புத் தெய்வம், ஆதியில் இடித் தெய்வம். மழை நாளில் போய்ப் பார்க்க இவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இடி இடித்தால் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்போமே, ஜப்பானியப் பெரியவர்கள் ‘குவபாரா, குவபாரா’ என்பார்கள். குவபாரா மிச்சிசானேயின் நிலம் இருந்த இடம், அங்கே மட்டும் இடி விழவில்லை என்பது அதற்குச் சொல்லும் கதைகளில் ஒன்று. அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துப்போய்விட்டது. கோயில் மண்டபத்து ஓரம் நின்று குடையை மடக்கி உதறிவிட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிந்து கும்பிட்டார். அந்த ஊர் முறை அது. உண்டியலில் ஐந்து யென் நாணயம் போட்டோம். ஐந்து யென்னைச் சொல்லும் ‘கோ-என்’ என்ற ஒலிக்கே நல்ல தொடர்பு, பந்தம் என்ற பொருளும் உண்டு. பிறகு முத்திரை வாங்கினோம். கோயில் பெயரைத் தூரிகையால் எழுதிச் சிவப்பு முத்திரை குத்தித் தரும் ‘கோஷுயின்’ அது. ஈரக்காற்றில் மை காய நேரமாகிறது. எழுதியவர் மையொற்றும் தாள் ஒன்றை நடுவில் வைத்து ஏட்டை மூடி, இரண்டு கையாலும் நீட்டினார். அம்மா அதை விடுதிக்கு வரும்வரை திறக்கவில்லை.

கோயிலிலிருந்து இரண்டு நிமிடம் நடந்தால் தென்ஜின்பாஷிசுஜி கடைத்தெரு. தெற்கு வடக்காக 2.6 கிலோமீட்டர், ஏறத்தாழ 600 கடைகள்; ஜப்பானிலேயே நீளமான கடைத்தெரு என்று அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். குறுக்குச் சாலைகளைக் கடக்கும்போது மட்டும் தலையில் நாலு சொட்டு விழும். நிஷிக்கியைப்போல் அழகானதல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வண்ணக்கண்ணாடி கிடையாது. மருந்துக் கடை, செருப்புக் கடை, பழைய புத்தகக் கடை, பீங்கான் கிண்ணங்களைத் தட்டில் குவித்து விற்கும் கடை, தேயிலைக் கடை, நூறு யென் கடை, நடுவே சைக்கிளில் காய்கறி வாங்கிப் போகும் பாட்டி. ஊர்க்காரர்கள் தங்களுக்காக வைத்திருக்கும் தெரு. அதனால்தான் விலையும் ஊர்க்காரர் விலை. கியோட்டோவில் ஒரு தேநீர்க் கிண்ணம் வாங்க யோசித்த பணத்தில் இங்கே நாலு கிண்ணம் வாங்கினேன். மருந்துக் கடைகளில் 5,000 யென்னுக்கு மேல் வாங்கினால் பயணிகளுக்கான வரிச்சலுகை உண்டு, பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். சின்னக் கடைகளில் அதைக் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள்.

தெருவின் வட முனையை நெருங்கினால் தென்ஜின்பாஷிசுஜி ஆறாம் பிரிவு ஸ்டேஷன். அதோடு ஒட்டிய கட்டடத்தின் மேல்மாடிகளில் ஒசாகாவின் வீடுகளையும் வாழ்க்கையையும் காட்டும் அருங்காட்சியகம் இருக்கிறது. 1830களின் ஒசாகாத் தெரு ஒன்றை முழு அளவில், கட்டடத்துக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறார்கள்: மருந்துக்கடை, குளியல் வீடு, கண்காணிப்புக் கோபுரம். கூரையில் விளக்கை மாற்றி மாற்றிப் பகலை இரவாக்குகிறார்கள். வெளியே பார்க்க முடியாத வானத்தை உள்ளே பார்த்துவிட்டு, லிஃப்டில் இறங்கி அப்படியே ரயில் ஏறிவிடலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

நேரமும் மொழியும் இருப்பவர்களுக்கு இன்னொன்று: தென்மாங்குக் கோயிலின் பக்கத்திலேயே 2006இல் திறந்த ஹன்ஜோதெய் என்ற ரக்குகோ அரங்கம். ஒரே ஆள் மெத்தையில் மண்டியிட்டு அமர்ந்து, விசிறியும் கைத்துண்டும் வைத்துக்கொண்டு கதை சொல்லிச் சிரிக்க வைப்பார். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் வாசல் விளக்குகளைப் பார்த்துவிட்டு நகர்வதே நல்லது.

மழை கனத்து, அவ்வளவு தூரமும் வேண்டாம் என்றால், ஒசாகா ஸ்டேஷனை ஒட்டிய உமேடா சுரங்கக் கடைத்தெருவிலேயே பெரும்பகுதி நடந்து ஒஹாட்சு தென்ஜின் போய்விடலாம். இதுவும் மிச்சிசானே கோயில்தான். 1703இல் ஒஹாட்சு என்ற பெண்ணும் அவள் காதலனும் இதன் தோப்பில் உயிரை விட்டார்கள். அது உடனே பொம்மலாட்ட நாடகமாகி, கோயிலுக்கே அவள் பெயர் ஒட்டிக்கொண்டது. கோயில் வாசல் வரைக்கும் கூரை போட்ட தெரு. ஆனால் அது சாயங்காலத்துத் தெரு. கடைகள் முக்காலும் மதுக்கடைகளும் உணவகங்களும். காலையில் போனால் மூடிய கதவுகளைத்தான் எண்ண முடியும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கும்பிடு என்றால் சரி.

இசே கோயிலுக்குப் போகலாமா என்று அம்மா கேட்டார். ஜப்பானின் ஷின்டோ கோயில்களுக்கெல்லாம் தலைமைக் கோயில், சூரியத் தெய்வம் அமதெராசு உறையும் இடம். இருபது ஆண்டுக்கு ஒருமுறை கட்டடத்தைப் பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிக் குடிபுகுவார்கள். 62ஆவது முறை 2013இல் நடந்தது, அடுத்தது 2033. ஒசாகாவிலிருந்து கின்டெட்சு விரைவு ரயிலில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். மழையில் அந்தத் தேவதாரு மரங்களும் இசுசு ஆற்றின் மேல் தவழும் மூட்டமும் வேறு உலகம்தான். என்றாலும் இந்த ஒப்பீட்டில் அதைத் தள்ளிவிடுகிறேன். வெளிக்கோயில், உள்கோயில் இரண்டிலும் கூழாங்கல் பாதையில் நெடுநடை, கூரை கிடையாது; ஒஹராய்மாச்சி கடைத்தெருவும் எண்ணூறு மீட்டர் திறந்த வானம். 1707 முதல் விற்கும் அக்காஃபுக்கு மோச்சிக்காகப் போகலாம் என்றால் நான் தடுக்க மாட்டேன். ஒட்டும் அரிசியை இடித்துப் பிடித்த உருண்டையின் மேல் சிவப்பு அசுகிப் பயற்றுப் பூரணத்தை விரலால் மூன்று வரி இழுத்துப் பூசியிருப்பார்கள். ஆற்றின் ஓட்டமாம் அது. ஆனால் அதற்கு ஒரு நல்ல நாளாகப் பாருங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒளிக்காமல் பேச வேண்டும். மீனும் இறைச்சியும் சாப்பிடுகிறவர்களுக்கு எங்கே போனாலும் விருந்து. தென்ஜின்பாஷியில் ஆக்டோபஸ் துண்டு வைத்த உருண்டையான தக்கோயாகியும், உருளைக்கிழங்குப் பொரியலான கொரொக்கேயும் சுடச்சுட கைச்செலவுப் பணத்தில் வயிற்றை நிரப்பிவிடும். சைவக்காரர்களுக்குத்தான் சிக்கல். ஜப்பானியச் சமையலின் உயிர் ‘தாஷி’ என்கிற சாறு. பெரும்பாலும் காய்ந்த பொனிட்டோ மீன் சீவலில் எடுப்பது. உடோன் நூடுல்ஸின் குழம்பிலும், இனாரி சுஷியின் டோஃபுவிலும்கூட அது இருக்கும். ஒரு கடையில் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று நான் ஜப்பானிய மொழியில் எழுதிக் காட்டினேன். சரி சரி என்று தலையாட்டியவர் கொண்டுவந்து வைத்த கிண்ணத்திலிருந்து கருவாட்டு வாசம் வந்தது. அவர் ஏமாற்றவில்லை. மீன் துண்டு இல்லை, அவ்வளவுதான். சாற்றை மீன் என்று அவர் எண்ணவே இல்லை. ‘தாஷியும் வேண்டாம்’ என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் கியோட்டோ கொஞ்சம் மேல். புத்த மடங்களின் சைவச் சமையலும், கடற்பாசிச் சாற்றில் வேகும் டோஃபுவும் அங்கே கேட்டால் கிடைக்கும். ஒசாகாவில் அம்மா சோற்றுருண்டைக்குள் உமே ஊறுகாய் வைத்த ஒனிகிரியையும் வாழைப்பழத்தையும் வைத்துச் சமாளித்தார். பிளம் மழையில் பிளம் ஊறுகாய். நம் ஊர் உப்பு நார்த்தங்காய் மாதிரி இருக்கிறது என்று இரண்டாவதும் கேட்டார்.

கடைசியாகச் சொல்கிறேன் என்ற கோயில் கிபுனே. கியோட்டோவுக்கு வடக்கே மலை இடுக்கில், ஆற்றோரம். தெமாச்சியனாகியில் ஏய்சான் ரயில் ஏறினால் அரை மணியில் கிபுனே-குச்சி. அங்கிருந்து பஸ், இல்லையென்றால் இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். கடைத்தெரு கிடையாது. கூரையும் கிடையாது. என் அளவுகோலில் இதற்குப் பூஜ்யம். ஆனால் இது தண்ணீர்த் தெய்வத்தின் வீடு. பழங்காலத்தில் அரசர்கள் மழை வேண்டுமென்றால் இங்கே கறுப்புக் குதிரையையும், மழை நிற்க வேண்டுமென்றால் வெள்ளைக் குதிரையையும் காணிக்கையாக அனுப்பினார்கள். உயிர்க் குதிரைக்குப் பதிலாகப் பிற்பாடு பலகையில் குதிரைப் படம் எழுதி வைத்தார்கள். இன்று எல்லாக் கோயில்களிலும் தொங்கும் ‘எமா’ வேண்டுதல் பலகை அதிலிருந்து வந்தது என்கிறார்கள். எமா என்றால் படக்குதிரை. இங்கே குறிச்சீட்டும் வெற்றுத்தாள்தான். கோயில் தண்ணீரில் மிதக்கவிட்டால் எழுத்து மெல்ல மேலே வரும். சிவப்பு விளக்குக் கம்பங்கள் நிற்கும் கற்படியில் மழை இறங்கி வருவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, வாங்கவும் தின்னவும் ஆசை இல்லாத ஒரு நாளில், தனியாகப் போகலாம். கோடையில் ஆற்றின் மேல் மேடை போட்டுப் பரிமாறும் உணவகங்கள் மழை நாளில் மேடையை விட்டுவிட்டு உள்ளே போய்விடும் என்பதையும் எதிர்பாருங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் இந்தப் பக்கமே வேண்டாம். 2020 ஜூலை மழையில் அந்த ரயில் பாதையில் மண் சரிந்து, மறுபடி வண்டி ஓட 2021 செப்டம்பர் ஆனது.

ஆகவே வானத்தையும் கூட வருகிறவர்களையும் பார்த்து முடிவு செய்யுங்கள். காலை ஏழு மணிக்கு ஜப்பானிய வானிலை நிறுவனத்தின் ராடார் படத்தைக் கைபேசியில் பார்த்தால் அடுத்த சில மணி நேரம் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். மதியத்துக்குமேல் மழை கூடும் என்றால், ஆளும் தனி ஆள் என்றால், விடிகாலையில் இனாரி அடிவாரம், பிறகு நிஷிக்கி. நாள் முழுவதும் மழை, கியோட்டோவைத்தான் பார்க்க வேண்டும் என்றால் யசாகாவில் தொடங்கி ஷிஜோவின் கூரை வழியே மேற்கே நடப்பது. கடைகள் திறக்கும் பத்து மணிக்கே நிஷிக்கியில் இருந்தால் கூட்டத்துக்கு முன்னால் இருப்பீர்கள். பெரியவர்களோ சின்னப் பிள்ளைகளோ உடன் இருந்தால், கையில் காசும் கணக்காக இருந்தால், ஒசாகா தென்மாங்கு. புயல் அறிவிப்பு வந்துவிட்டால் இவற்றில் எதுவும் வேண்டாம். ரயில்களை முன்கூட்டியே அறிவித்து நிறுத்திவிடுவார்கள், போன இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

எங்கே போனாலும் பையில் இன்னொரு ஜோடி காலுறை இருக்கட்டும். ஈரக் காலணிக்குள் இரவில் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள். விடுதியில் கேட்டால் கொடுப்பார்கள். கன்வீனியன்ஸ் கடையில் வாங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குடையின் கைப்பிடியில் ஒரு நூலோ துணியோ கட்டிவிடுங்கள். எல்லாக் கடை வாசலிலும் குடைத்தாங்கியில் அதே குடை முப்பது நிற்கும். அம்மா தன் குடையில் பூக்கட்டும் நாரைக் கட்டியிருந்தார், ஊரிலிருந்து எதையோ சுற்றிக்கொண்டு வந்த நார். என் குடையைத்தான் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.